இரண்டாவது படத்துக்கு இருட்டில் இடம் விடுங்கள்: டபுள் எக்ஸ்போஷர் பழக ஒரு வழிகாட்டி

முகத்தின் ஓரக்கோடு மட்டும் தெரியும். உள்ளே கண்ணும் காதும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரமோ கடலோ இருக்கும். ஒரு படத்தின் மேலேயே இன்னொரு படத்தையும் பதிக்கும் இந்த முறைதான் டபுள் எக்ஸ்போஷர். புத்தக அட்டைகளிலும் சினிமா போஸ்டர்களிலும் இந்த மாதிரிப் படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். சரி, நாமும் ஒன்று எடுப்போம் என்று இறங்கினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் நிறக் குழப்பம்தான். முகமும் சரியாகத் தெரியாது, மரமும் தெரியாது.

எந்த ஆப் நல்லது, எந்தக் கேமராவில் இந்த வசதி இருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். இரண்டு படத்திலும் எல்லா இடத்திலும் வெளிச்சம் இருந்தால் எந்த ஆப்பாலும் காப்பாற்ற முடியாது. முதல் படத்தில் எங்கே இருட்டு இருக்கிறதோ அங்கேதான் இரண்டாவது படம் உட்காரும். இந்த ஒன்றைக் கண் பழகிக்கொண்டால் மீதி வேலை மெனுவில் நாலு பட்டன்தான்.

இருட்டு ஏன் வேண்டும்

ஃபிலிம் காலத்தில் ஒரே ஃபிரேமின் மேல் இரண்டு முறை ஷட்டரைத் திறப்பார்கள். வெளிச்சம் பட்ட இடம் ஃபிலிமில் பதிந்துவிடும். படாத இடம் இன்னும் காலியாகவே இருக்கும். இரண்டாவது முறை திறக்கும்போது அந்தக் காலி இடத்தில்தான் புதிய உருவம் தெளிவாக விழும். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவது போலத்தான். கருப்பாக இருக்கும் இடத்தில் எழுதலாம், ஏற்கெனவே வெள்ளையாகத் தேய்த்துவிட்ட இடத்தில் என்ன எழுதினாலும் தெரியாது.

1898-இல் பிரான்ஸின் ஜார்ஜ் மெலியே தன் தலையைத் தானே கழற்றி மேசை மேல் வைப்பதுபோல ஒரு குறும்படம் எடுத்தார். கருப்புப் பின்னணியில் நடித்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அதன் மேலேயே மறுபடி நடித்துப் பதிவு செய்தார். நம் ஊர்ப் பழைய படங்களின் இரட்டை வேடக் காட்சிகளிலும் இதுதான் அடிப்படை. லென்ஸின் ஒரு பாதியைக் கருப்பு அட்டையால் மறைத்து அண்ணனை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைத் திருப்பி, மறுபாதியை மறைத்துத் தம்பியை எடுப்பார்கள். கேமரா இம்மியும் அசையக் கூடாது. நிலாவுக்குள் மணப்பெண்ணின் முகம் சிரிக்கும் பழைய கல்யாண ஆல்பப் படங்களும் இந்தக் குடும்பம்தான். அவற்றைக் கிண்டல் செய்யலாம், ஆனால் எடுத்த ஸ்டுடியோக்காரர்களுக்கு இருட்டின் அருமை நன்றாகத் தெரிந்திருந்தது.

டிஜிட்டல் கேமராவில் நடப்பது வேறு. ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கும் சென்சாரில் முதல் படம் அப்படியே காத்துக்கொண்டு இருப்பதில்லை. கேமரா இரண்டு படங்களையும் தனித்தனியாகப் பதிந்து, புள்ளிக்குப் புள்ளி கணக்குப் போட்டு ஒன்றாக்குகிறது. கணக்கு எப்படி என்பதைத்தான் மெனுவில் நாம் தேர்ந்தெடுக்கிறோம். 'அடிட்டிவ்' என்றால் இரண்டு வெளிச்சத்தையும் கூட்டும். 'ஆவரேஜ்' சராசரி எடுக்கும். 'பிரைட்' அல்லது 'லைட்டன்' என்றால் இரண்டில் எது வெளிச்சமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும். 'டார்க்' அதற்கு நேர் எதிர். பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான்.

முதல் பயிற்சி: மெனு வேண்டாம், டார்ச் போதும்

இந்தப் பயிற்சிக்கு டபுள் எக்ஸ்போஷர் வசதியே தேவையில்லை. ஷட்டரை 15 விநாடி திறந்துவைக்க முடிகிற எந்தக் கேமராவும் போதும். புரோ மோட் உள்ள ஃபோன்கள் பலவற்றிலும் முடியும். இரவில் செய்யுங்கள்; கரண்ட் போன நேரமாக இருந்தால் இன்னும் வசதி.

கேமராவை டிரைபாடில் வையுங்கள். இல்லையென்றால் மேசையில் நாலு புத்தகத்தை அடுக்கி அதன் மேல் வையுங்கள். மேனுவல் மோட், ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/5.6, ஷட்டர் 15 விநாடி. விளக்கு எரியும்போதே நண்பரை நிற்கவைத்து ஃபோகஸ் செய்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். இருட்டில் ஆட்டோஃபோகஸ் அலைந்துகொண்டே இருக்கும். அவருக்குப் பின்னால் சுவர் நெருக்கமாக இருக்கக் கூடாது. நீளமான அறையோ இருண்ட மொட்டை மாடியோ நல்லது.

இப்போது விளக்கை அணைத்து, பத்து விநாடி டைமரை வைத்து ஷட்டரை அழுத்துங்கள். ஷட்டர் திறந்ததும் பக்கவாட்டிலிருந்து நண்பர் மேல் இரண்டு விநாடி டார்ச் அடியுங்கள். அணைத்துவிடுங்கள். அவர் இருட்டிலேயே நாலடி தள்ளிப் போய் நிற்கட்டும். மறுபடி இரண்டு விநாடி. டார்ச் ஒளி லென்ஸ் பக்கம் திரும்பக் கூடாது, உங்கள் மேலும் படக் கூடாது. ஷட்டர் மூடியதும் பார்த்தால் ஒரே படத்தில் அவர் இரண்டு பேராக நிற்பார். இது சென்சார் மேலேயே நடந்த அசல் டபுள் எக்ஸ்போஷர், யாரும் கணக்குப் போடவில்லை. படம் மங்கலாக வந்தால் டார்ச் நேரத்தைக் கூட்டுங்கள், வெளுத்துப் போனால் குறையுங்கள். பெரும்பாலான ஃபோன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது, அதன் லென்ஸும் அதிக வெளிச்சம் உள்ளே விடும். அதனால் அங்கே அரை விநாடி டார்ச்கூடப் போதலாம்.

அடுத்து வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். அதே நண்பரை வெள்ளைச் சுவரை ஒட்டி நிற்கவைத்து எடுங்கள். இந்த முறை அவர் உடல் வழியாகச் சுவர் தெரியும், ஆவி மாதிரி. முதல் முறை டார்ச் அடித்தபோது சுவரும் பதிந்துவிட்டது. அப்புறம் அவர் அந்த இடத்தில் போய் நின்றால் சுவரின் மேல்தானே பதிய வேண்டும்? ஆவிகளைப் படம் பிடித்துத் தருவதாகச் சொல்லி அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர் நடத்திய வியாபாரத்துக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட இரட்டைப் பதிவுதான் இருந்தது என்று அப்போதே பலரும் சந்தேகப்பட்டார்கள். 1869-இல் நியூயார்க்கில் அவர் மேல் மோசடி வழக்கு நடந்தது. நிரூபிக்க முடியாமல் விடுதலையாகிவிட்டார்.

இதில் கை வந்த பிறகு இன்னொன்று. நண்பரை ஒரே இடத்தில் உட்காரவைத்து, முதலில் இடப்பக்கமிருந்து டார்ச் அடித்து நேர் முகத்தின் ஒரு பாதியை மட்டும் பதியுங்கள். அப்புறம் அவர் பக்கவாட்டில் திரும்பட்டும், மூக்கும் நெற்றியும் முன்பு இருட்டாக இருந்த பாதியில் விழுமாறு. நேர் முகமும் பக்க முகமும் ஒன்றாகச் சேரும் படம் இப்படித்தான் வருகிறது.

முகத்துக்குள் மரம்: முதல் படம்

இப்போது போஸ்டர் படத்துக்கு வருவோம். இங்கே முதல் படம் ஒரு நிழலுரு. பின்னணி வெள்ளை, ஆள் கருப்பு. பின்னணி வெளுத்துவிட்டதால் இரண்டாவது படம் அங்கே ஏறாது. ஆள் கருப்பாக இருப்பதால் மரம் அவருக்குள் மட்டும் ஏறும். வெட்டி ஒட்டாமலே மரம் தலையின் வடிவத்துக்குள் அடங்குவது இதனால்தான்.

மேகம் மூடிய வானம் நல்ல பின்னணி. ஆனால் திறந்த வெளியில் நின்றால் முகத்தின் முன்பக்கமும் வெளிச்சம் படும், முழுக் கருப்பு கிடைக்காது. எனக்குப் பிடித்த இடம் வாசல்படி. ஆள் வாசலில் நிற்கட்டும், வெளியே வானம். நீங்கள் விளக்கை அணைத்த அறைக்குள்ளிருந்து எடுங்கள். வாசலுக்கு எதிரே வீடும் மரமும் மறைக்கிறதென்றால் மாடிக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள், வேட்டிக்குப் பின்னால் சாயங்கால வெயில் இருக்கும்படி. வேட்டி முழுக்க ஒரே மாதிரி வெளுத்து நிற்கும். மடிப்பை மட்டும் நீவிவிடுங்கள். சுருக்கங்கள் படத்தில் சாம்பல் கோடுகளாகத் தெரியும்.

நேர் முகத்தைவிடப் பக்க முகம் நல்லது. நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று ஓரக்கோட்டிலேயே ஆளை அடையாளம் காணலாம். நேராகப் பார்த்தால் நிழலுருவில் எல்லோர் தலையும் ஒன்றுதான். கொண்டை போட்டிருந்தால் வடிவம் அருமையாக வரும், தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் ஓரத்தில் அதன் புடைப்புகள்கூடத் தெரியும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். சட்டையோ புடவையோ அடர் நிறத்தில் இருக்கட்டும், வெள்ளைச் சட்டை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு தோள் பகுதியைச் சாம்பலாக்கும்.

எக்ஸ்போஷரை, அதாவது எவ்வளவு வெளிச்சம் பதிய வேண்டும் என்பதை, ஆளைப் பார்த்து வைக்காதீர்கள், வானத்தைப் பார்த்து வையுங்கள். மேனுவல் மோடில், சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வானத்தில் காட்டி, மீட்டர் சொல்வதைவிட 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டினால் வானம் வெளுக்கும், ஆள் இருட்டிலேயே நிற்பார். 3 ஸ்டாப்புக்கு மேல் போனால் பின்னணி வெளிச்சம் ஓரங்களைத் தின்னத் தொடங்கும், முதலில் போவது பறக்கும் முடி இழைகள். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடது ஓரத்தில் ஒரு குவியல், வலது ஓரத்தில் ஒரு குவியல், நடுவே பள்ளம் இருந்தால் சரி. நடுவில் மேடு இருந்தால் ஆளின் மேல் எங்கிருந்தோ வெளிச்சம் விழுகிறது என்று அர்த்தம். தேடி அணையுங்கள்.

இரண்டாவது படம்

பலரும் சறுக்குவது இங்கேதான். அழகான காட்சி எதுவும் பொருந்தும் என்று நினைத்துக் கோபுரம், கடைத்தெரு, கூட்டம் என்று எதையாவது கொண்டுவருவார்கள். தனியாகப் பார்த்தால் நல்ல படம், முகத்துக்குள் போனால் எதுவென்றே தெரியாத இரைச்சல். இரண்டாவது படம் எளிமையாக இருக்க வேண்டும்: ஒரே பொருள், திரும்பத் திரும்ப வரும் வடிவம். வேப்பிலைக் கொத்து, தென்னங்கீற்று, அலை நுரை, செங்கல் சுவர்.

மரத்தை வானத்தின் பின்னணியில் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இலைகளுக்கு இடையே தெரியும் வெள்ளை வானம் முகத்துக்குள்ளும் வெள்ளையாகத்தான் விழும். அந்த இடத்தில் முகம் பின்னணியோடு கரைந்துவிடும். இது குறை இல்லை, சொல்லப்போனால் இந்தப் படங்களின் அழகே பாதி இதில்தான் இருக்கிறது. ஆனால் எங்கே கரைய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நெற்றி, மூக்கு, உதடு வரும் ஓரத்தில் இலைகள் அடர்த்தியாக இருக்கட்டும். பின்னந்தலையும் கழுத்தும் வானத்தில் கரையட்டும். மூக்கே கரைந்துவிட்டால் அது முகமாக இருக்காது.

கோலத்தையும் முயன்று பாருங்கள். ஈரச் சாணித் தரையிலோ கருங்கல்லிலோ போட்ட வெள்ளைக் கோலம், நேர் மேலிருந்து, நிழலில் எடுத்தது. தரை கருப்பு, கோடு வெள்ளை. முகத்துக்குள் கோடுகள் மட்டும் ஏறும், தரை காணாமல் போகும். ஓரக்கோடும் கரையாது. தொடங்குபவர்களுக்கு மரத்தைவிட இதுதான் எளிது என்பேன்.

கேமராவிலேயே சேர்ப்பது

கேனானில் 2012-இல் வந்த 5டி மார்க் 3 போன்ற கேமரா உடல்களிலிருந்து 'மல்டிப்பிள் எக்ஸ்போஷர்' மெனு இருக்கிறது, 2 முதல் 9 படங்கள் வரை சேர்க்கலாம். 1500டி போன்ற தொடக்கநிலை உடல்களில் கிடையாது. நிக்கானின் நடுத்தர, உயர்நிலை உடல்களிலும் ஃபுஜியிலும் உண்டு. சோனி ஆல்ஃபாவில் பெரும்பாலும் இல்லை. உங்கள் கேமராவில் இருக்கிறதா என்பதை மெனுவில் ஒரு முறை தேடினால் தெரிந்துவிடும்.

இருந்தால் அதை ஆன் செய்து, எண்ணிக்கையை 2 என்று வையுங்கள். முறை அடிட்டிவ். தனித்தனிப் படங்களையும் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். சேர்த்தது சொதப்பினாலும் மூலப் படங்கள் கையில் இருக்கும். நிழலுருவை எடுங்கள். காட்சியைப் பின்திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் முதல் படம் மங்கலாக நிற்கும், அதன் மேல் மரத்தை நகர்த்தி, இலை எங்கே வர வேண்டுமோ அங்கே வைத்து அழுத்துங்கள். அப்படிக் காட்டாத கேமராவில் கட்டக் கோடுகளை ஆன் செய்து, மூக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, உச்சந்தலை எதில் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எக்ஸ்போஷர் விதி ஒன்று உண்டு. அடிட்டிவில் 2 படங்கள் என்றால் ஒவ்வொன்றையும் 1 ஸ்டாப் குறைத்து எடு, 3 என்றால் ஒன்றரை, 4 என்றால் 2. இரண்டு சாதாரணக் காட்சிகளைச் சேர்க்கும்போது இது சரி. நிழலுரு விஷயத்தில் முதல் படத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் வானம் சாம்பலாகி, மரம் பின்னணியிலும் ஏறிவிடும். மரத்தை மட்டும் அரை ஸ்டாப் முதல் 1 ஸ்டாப் வரை குறைத்தால் போதும்.

பல நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் முதல் படத்துக்குப் பிறகு 30 விநாடி சும்மா இருந்தால் கேமரா இரண்டாவதுக்குக் காத்திருக்காமல் முடித்துக்கொள்ளும். ஸ்டாண்ட்பை டைமரை நீட்டி வைத்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். கேனானில் கார்டில் ஏற்கெனவே இருக்கும் ரா படத்தை (கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) முதல் படமாகத் தேர்ந்தெடுக்கும் வசதி பல உடல்களில் உண்டு. ஒரு நல்ல நிழலுருவைக் கார்டில் வைத்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் மரம் தேடலாம்.

ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும்

ஸ்னாப்சீட் இலவசம், அதில் 'டபுள் எக்ஸ்போஷர்' என்றே ஒரு கருவி இருக்கிறது. முதலில் நிழலுருவைத் திறந்து, கர்வ்ஸில் கருப்பை இன்னும் கருப்பாக்கி, வெள்ளையை முழு வெள்ளையாக்குங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் அப்புறம் எதுவும் சரியாக வராது. பிறகு கருவிக்குள் போய் மரப் படத்தைச் சேர்த்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, திருப்பி, இடம் பார்த்து வையுங்கள். முறையில் 'லைட்டன்' தேர்ந்தெடுத்து, ஓப்பாசிட்டியை (எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவை) கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ஜிம்ப், ஃபோட்டோபியா இரண்டும் இலவசம், ஃபோட்டோஷாப்பிலும் இதே வழிதான். கீழ் லேயரில் நிழலுரு, மேல் லேயரில் மரம், மேல் லேயரின் முறை 'ஸ்க்ரீன்'. 0 என்பது கருப்பு, 255 வெள்ளை என்று வைத்துக்கொண்டால், ஸ்க்ரீனில் கருப்பின் மேல் எது வந்தாலும் அது அப்படியே தெரியும். வெள்ளையின் மேல் எது வந்தாலும் வெள்ளைதான். நடுத்தரச் சாம்பல் 128-இன் மேல் இன்னொரு 128 வந்தால் 192 ஆகிவிடும். சாம்பலும் சாம்பலும் சேர்ந்து படம் வெளிறிப்போவது இந்தக் கணக்கால்தான்.

மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் (கருப்புத் தடவிய இடத்தில் லேயரை மறைக்கும் திரை) போட்டு, ஓரம் மென்மையான பிரஷில் கருப்பு நிறம் எடுத்து, ஓப்பாசிட்டியை 20 சதவீதம் அளவில் வைத்து, கண் இருக்கும் இடத்தில் மெல்லத் தடவுங்கள். மரம் அங்கே விலகும், அடியில் கண் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இதற்கு நிழலுருவில் கொஞ்சம் விவரம் மிச்சம் இருக்க வேண்டும். ரா ஃபைலில் எடுத்திருந்தால் நிழல் பகுதியை மட்டும் தூக்கி ஒரு தனிப் பிரதி செய்துகொள்ளலாம். மாஸ்க் வேலையில் கை நிற்காமல் ஓடும், தடவிக்கொண்டே போனால் கடைசியில் மரமே இருக்காது.

சரியாக வராதபோது

மரம் முகத்துக்கு வெளியே கசிந்தால் பின்னணி முழு வெள்ளை இல்லை. கருப்பு வெள்ளை அளவை மாற்றும் லெவல்ஸ் கருவியில் வெள்ளைப் புள்ளியை உள்ளே இழுங்கள். மரம் உள்ளே மங்கலாகத் தெரிந்தால் முகம் போதிய கருப்பு இல்லை. தோலின் ஆரஞ்சு நிறம் இலைப் பச்சையோடு சேர்ந்து அழுக்காகத் தெரிந்தால் நிழலுருவைக் கருப்பு வெள்ளையாக்கிவிட்டு மரத்தை மட்டும் நிறத்தில் விடுங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் படம் ஒட்டாமல் நின்றால் பெரும்பாலும் அளவுதான் பிரச்சினை. ஒரு இலை மூக்களவு பெரிதாக இருக்கும், அல்லது மொத்தக் காடும் காதுக்குள் அடங்கியிருக்கும். மரப் படத்தை இன்னொரு அளவில் எடுங்கள்.

நிலா வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி. பௌர்ணமி நிலாவுக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 விநாடி அல்லது அதற்கு அருகில். முறை 'பிரைட்'. நிலாவைச் சுற்றி எல்லாம் கருப்பு என்பதால் எக்ஸ்போஷரைக் குறைக்கவே தேவையில்லை. அடுத்த படத்தில் வானம் முழுதாக இருட்டிய பகுதியில் அது வந்து உட்காருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். 200 எம்எம் லென்ஸில், ஃபுல் ஃபிரேம் கேமராவில், நிலா சென்சாரில் சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். 24 மில்லிமீட்டர் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இதைவிடப் பெரிதாக்கிக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்தான், ஆனால் பார்க்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிகளைப் படியுங்கள். சில பிரிவுகளில் கேமராவுக்குள் சேர்த்ததை மட்டும் ஏற்பார்கள், சிலவற்றில் எதையும் ஏற்க மாட்டார்கள். செய்திப் படமாக இதைக் கொடுக்கவே கூடாது.

பிரிண்ட் போடும்போது லேபில் ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இத்தனை வெள்ளையைப் பார்த்ததும் படம் அதிகமாக வெளுத்துவிட்டது என்று மெஷின் நினைத்து, பின்னணியைச் சாம்பலாக்கித் தரும். பளபளப்புத் தாளைவிட மேட் தாள் நல்லது, வெள்ளைப் பின்னணியும் தாளும் ஒன்றாகிவிடும். ஃபிரேம் போடுவதாக இருந்தால் முகத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலமாவது வெற்றிடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள்.